விசில் யார் கையில்?

அன்புள்ள மகளுக்கு,

நைரோபி போகிறேன் சார் என்று நீ போனில் சொன்னதும் ஆசீர்வாதம் பண்ணிவிட்டு வைத்துவிட்டேன். பிறகு யோசித்தால், சொல்ல வேண்டியது எதையுமே சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். உன்னைப் போல இன்னும் சில பிள்ளைகள் பி.பி.எட். சான்றிதழும் பந்துப் பையுமாக வெளிநாட்டுக் குழந்தைகளுக்குச் சேவை செய்யக் கிளம்புகிறார்கள். அவர்கள் கண்ணிலும் படட்டும் என்று பத்திரிகைக்கே அனுப்பிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

முதலில் மூச்சு. நைரோபி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; நம் ஏற்காட்டைவிட உயரம். கால்பந்தில் தொண்ணூறு நிமிஷம் ஓடுகிறவள் என்கிற கர்வம் முதல் வாரத்திலேயே இறங்கிவிடும். பத்து வயசுப் பையன்கள் உன்னைத் தாண்டி ஓடிவிட்டுத் திரும்பி நின்று சிரிப்பார்கள். நீயும் சிரித்துவிடு. அந்த வாரம் பூராவும் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பதற்கு அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

நான் போனது 2015-இல், ஓய்வு பெற்ற கையோடு. மத்தாரே பள்ளத்தாக்கில் ஒரு தொண்டு அமைப்பு மாலைப் பள்ளியும் மைதானமும் நடத்திக்கொண்டிருந்தது. அதற்கு ஆள் கேட்டிருந்தார்கள். நகரத்தின் கிழக்குப் பக்கம், ஆற்றங்கரைச் சரிவில், துருப்பிடித்த தகரக் கூரைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு இறங்குகிற இடம். பெட்டியில் காற்று இறக்கிய இருபத்துநாலு பந்து கொண்டுபோனேன். பம்புக்கு ஊசி இரண்டே இரண்டு. ஒன்று முதல் நாளே ஒடிந்தது, மற்றது நாலாம் நாள் காணவில்லை. நாற்பது வருஷம் விளையாட்டுச் சாமான் அறைச் சாவியை இடுப்பில் தொங்கவிட்டிருந்தவனுக்கு இது தெரியாமல் போயிற்றே என்று இன்னும் வெட்கமாக இருக்கிறது. நீ ஒரு டஜன் எடுத்துக்கொள்.

ஊசி கிடைத்த பிறகும் பந்துகள் வெளியே வரவில்லை, அலமாரியில் பூட்டிக் கிடந்தன. பூட்டியவன் அந்த மைதானத்தின் பயிற்சியாளன், பத்தொன்பது வயசு. ஏன்டா தம்பி என்று கேட்டேன். “ராத்திரி எந்தப் பையன் வீட்டில் வைப்பது, முவாலிமு?” என்றான். முவாலிமு என்றால் வாத்தியார். பத்துக்குப் பத்து தகர வீட்டில் ஏழு பேர் படுக்கிறார்கள். அங்கே புதுப் பந்து ஒன்று நுழைந்தால் சண்டை நுழையும், கடன்காரன் நுழைவான். பந்தைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும். பந்து தூங்குகிற இடத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அந்தப் பிள்ளைகளிடம் வேறு பந்து இருந்தது. பிளாஸ்டிக் பைகளை இறுகச் சுருட்டி, மேலே கயிற்றை வலை மாதிரி கட்டிய பந்து. ‘ஜுவாலா’ என்பார்கள். தொலைந்தால் அரை மணி நேரத்தில் இன்னொன்று தயார். கென்யா 2017 ஆகஸ்டில் பிளாஸ்டிக் பையையே தடை செய்துவிட்டது. நல்ல சட்டம்தான். ஆனால் பந்து கட்டுகிற பையனை யாரும் அப்போது நினைத்திருக்க மாட்டார்கள்.

மத்தாரேயின் பெரிய கதையும் இப்படி ஒரு பந்திலிருந்துதான் தொடங்குகிறது. பாப் மன்ரோ என்ற கனடாக்காரர் சுற்றுச்சூழல் ஆலோசகராக நைரோபியில் இருந்தார். குப்பைமேட்டுக்கு நடுவில் கையால் கட்டிய பந்தை வைத்து ஆடிய பையன்களைப் பார்த்தார். உதவி செய்கிறேன், ஆனால் உங்கள் பங்குக்கு நீங்களும் ஏதாவது செய்ய வேண்டும், முதலில் இடத்தைச் சுத்தம் பண்ணுங்கள் என்றார். 1987-இல் மத்தாரே இளைஞர் விளையாட்டுச் சங்கம் பிறந்தது. அங்கே எல்லாரும் மைசா என்பார்கள். அதன் லீக் அட்டவணை மாதிரி நான் எங்கும் பார்த்ததில்லை. ஆட்டத்தில் ஜெயித்தால் 3 புள்ளி. அணியாகச் சேர்ந்து தெருவையும் சாக்கடையையும் சுத்தம் செய்து முடித்தால் 6 புள்ளி. வாரா வாரம் தோற்கிற அணிகூட மண்வெட்டியை எடுத்தால் மேலே ஏறலாம். 1992-இல் ரியோவில் நடந்த புவி உச்சி மாநாட்டில் ஐ.நா. சுற்றுச்சூழல் விருது வந்தது. 1994-இல் அதிலிருந்து மத்தாரே யுனைடெட் அணி கிளம்பி, 2008-இல் கென்யாவின் பிரீமியர் லீக்கையே வென்றது.

கோப்பையைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது ஒன்று உண்டு. அந்த லீக்கை நடத்தியதே பிள்ளைகள்தான். வட்டாரக் கமிட்டியில் உட்கார்ந்து யார் யாரோடு ஆடுவது, எந்த அணிக்குப் புள்ளி குறைப்பது என்று தீர்மானித்தவர்கள் பள்ளிக்கூட வயசுக்காரர்கள். நடுவர் வேலை பார்த்தால் புள்ளி, சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தால் புள்ளி. அதிகம் சேர்த்தவர்களுக்குப் படிப்புதவி. பணம் நேரே பள்ளிக்கூடத்துக்குப் போகும். கென்யாவில் 2003 முதல் தொடக்கக் கல்வி இலவசம். அதை நம்பி 2004-இல் கிமானி மருகே என்ற 84 வயசுப் பெரியவர் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தார். ஆனால் உயர்நிலைப் பள்ளி என்று வந்தால் கட்டணம்தான் சுவர். படிப்பும் பந்தும் அங்கே வேறு வேறு இல்லாமல் போனது இப்படித்தான்.

இனி என் தப்பு.

அந்தப் பத்தொன்பது வயசுப் பையன் நடத்திய பயிற்சியை நான் ஒரு வாரம்கூட முழுசாகப் பார்க்கவில்லை. அறுபது பிள்ளைகள், வரிசை கிடையாது, வார்ம்-அப் கிடையாது, ஒரே கூச்சல். நாலாம் நாள் விசிலை வாங்கிக்கொண்டேன். பிடுங்கவில்லை. “கொஞ்சம் கொடு தம்பி, காட்டுகிறேன்” என்றுதான் கேட்டேன். வயசில் பெரியவர் கேட்டால் கொடுக்காமல் இருக்கிற ஊர் இல்லை அது. வரிசை வந்தது, ஒழுங்கு வந்தது. பார்க்க வந்தவர்கள் படம் எடுத்தார்கள். அவன் ஓரமாக நின்று தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டிருந்தான்.

ஏழு மாதம் கழித்து எங்கள் அம்மா இறந்துபோனார். ஊருக்கு வந்து காரியங்களை முடித்துத் திரும்ப நாற்பது நாள் ஆயிற்று. போய்ப் பார்த்தால் மைதானத்தில் ஆடு மேய்கிறது. பயிற்சி என்ன ஆயிற்று என்றேன். “முவாலிமு வரட்டும் என்று இருந்தோம்” என்றார்கள். உண்மையைச் சொல்கிறேன், அதைக் கேட்டதும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. நான் வருவதற்கு முன்னால் அந்த மைதானம் ஒரு நாள்கூடச் சும்மா கிடந்ததில்லை.

மறுநாள் விசிலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் வாங்கவில்லை. திரும்ப அவன் கழுத்தில் அது தொங்க இரண்டு மாதம் பிடித்தது. அதற்குள் ஒருநாள் பெண்பிள்ளைகள் ‘காட்டி’ ஆடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் இரண்டு பக்கம் நின்று பந்தை எறிய, நடுவில் நிற்பவள் அடிபடாமல் தப்ப வேண்டிய ஆட்டம். நான் பொழுதுபோக்கு என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பக்கத்தில் வந்து, மெலிந்த ஒரு பெண்ணைக் காட்டி, “அவள் இடுப்பைப் பாருங்கள், பந்து கையைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே திரும்பிவிடுகிறாள். இவளை விங்கில் போடலாம்” என்றான். நான் வாங்கி வைத்திருந்த விசில் எப்பேர்ப்பட்ட கண்ணுள்ளவனுடையது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பிற்பாடு அவனிடம் வார்ம்-அப் பற்றி, கணுக்கால் காயம் பற்றி, வயசுக்கேற்ற பயிற்சி பற்றி மரத்தடியில் உட்கார்ந்து பேசினேன். பிள்ளைகளிடம் பேசுவதை அவனுக்கே விட்டுவிட்டேன். என் ஒன்றரை வருஷத்தில் உருப்படியாக நடந்தது அந்த மரத்தடிதான்.

நீயும் நானும் படித்த நந்தனம் உடற்கல்விக் கல்லூரியை நினைத்துப் பார். 1920-இல் அதைத் தொடங்கிய ஹாரி க்ரோ பக் அமெரிக்கர். கடல் கடந்து வந்தவர்தான், உன்னைப் போல. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியோடு மேலாளராகப் போனவர். விசிலை ஊதிக்கொண்டு தானே பிள்ளைகளைச் சேர்த்துப் பேர் வாங்கியிருக்கலாம். அவர் உட்கார்ந்து வாத்தியார்களைத் தயார் பண்ணினார். அவர்கள் ஊர் ஊராகப் போனார்கள். 1943-இல் அவர் சென்னையிலேயே காலமானார்; மறுநாள் மைதானங்கள் காலியாகவில்லை. அவருக்கு இருபது வருஷத்துக்கு மேல் கிடைத்தது. உனக்கு ஒரு வருஷம். அவசரப்பட வேண்டியவள் நீதான்.

சில சில்லறை விஷயங்கள், ஆனால் சில்லறை இல்லை.

பிரம்பை மறந்துவிடு. நம் தலைமுறை அதை வைத்துத்தான் மைதானத்தை நடத்தியது, மறைக்க ஒன்றுமில்லை. கென்யா 2001-லேயே பள்ளிகளில் அடியைத் தடை செய்துவிட்டது. கை ஓங்கும் பழக்கம் உன்னிடம் இல்லை என்று தெரியும். தலையில் தட்டுகிற பழக்கம் உண்டு, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பெண்பிள்ளைகள் ஏன் தாமதமாக வருகிறார்கள் என்று கத்தாதே. தண்ணீர் பிடித்து, தம்பி தங்கைகளைக் குளிப்பாட்டிவிட்டு வருகிறார்கள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே வருகிறவளும் உண்டு. அந்தத் தம்பியைப் பார்த்துக்கொள்ள கோட்டுக்கு வெளியே ஒரு பாய் விரித்தால் போதும், அணியில் இரண்டு பேர் கூடுவார்கள். உன் பையில் நாப்கின் எப்போதும் இருக்கட்டும். இது எனக்குத் தோன்றவே இல்லை; அங்கிருந்த ஒரு டீச்சர் சொல்லித்தான் தெரியும்.

பள்ளி நேரத்தைத் தொடாதே. வெளிநாட்டிலிருந்து பத்து நாள் முகாம் நடத்த ஒரு கூட்டம் வந்தது. காலை பத்து மணிக்கு பாலும் ரொட்டியும் கொடுத்தார்கள். பசி இருக்கிற இடத்தில் பத்து மணிக்கு ரொட்டி என்றால் பிள்ளை வகுப்பில் இருக்குமா? அந்தப் பத்து நாளும் வகுப்பறை பாதி காலி. கூட்டம் பதக்கம் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டது. பரீட்சை எழுதியவர்கள் பிள்ளைகள்.

படம் எடுத்துப் போடாதே. கென்யாவின் 2019 தரவுப் பாதுகாப்புச் சட்டம் குழந்தையின் விவரங்களுக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. சட்டம் கிடக்கட்டும், நம் வீட்டுப் பிள்ளையை மூக்கு ஒழுக யாரோ படம் எடுத்து ஊருக்குக் காட்டினால் விடுவோமா? அனாதை இல்லத்தில் சேவை செய்யலாம் வா என்று யாராவது பணம் கேட்டு அழைத்தால் அந்தப் பக்கமே போகாதே. பெற்றோர் இருக்கிற பிள்ளைகளையே கொண்டுவந்து அடைத்து, வருகிறவர்களிடம் காசு பார்க்கிற இல்லங்கள் பல நாடுகளில் அம்பலமாகியிருக்கின்றன. கம்போடியாவிலும் நேபாளத்திலும் அது பெரிய வியாபாரமாகவே நடந்தது.

பேச்சு. ஸ்வாஹிலியில் முதலில் ‘போலே’ என்ற சொல்லைக் கற்றுக்கொள். யாராவது தடுக்கி விழுந்தால், நீ தள்ளிவிடாவிட்டாலும், ‘போலே’ என்பார்கள். அடடா என்று நாம் சொல்வோமே, அது. இரண்டு தடவை சேர்த்துச் சொன்னால் மெதுவாக என்று அர்த்தம். உன்னைத் தெருவில் ‘முஹிந்தி’ என்று கூப்பிடுவார்கள், இந்தியர் என்று பொருள். அதில் கொஞ்சம் கசப்பும் இருக்கும். நூறு வருஷமாக நம்மவர்களைக் கல்லாவுக்குப் பின்னால்தான் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். பதில் சொல்ல வேண்டாம், கூட உட்கார்ந்து சாப்பிடு. உகாலி நம் களிதான், மக்காச்சோள மாவில் கிண்டியது. கூட வருகிற கீரைக்கு ‘சுகுமா விக்கி’ என்று பெயர்; வாரத்தைத் தள்ளு என்று அர்த்தம். கையில் காசு தீர்ந்தவர்கள் வைத்த பெயர்.

மார்ச்சிலிருந்து மே வரை பெருமழை. கிழக்கு நைரோபியில் கரிசல் மண் அதிகம். கோவில்பட்டிப் பக்கம் விளையாடியவள் நீ, ஷூவில் அப்புகிற மண்ணைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சுற்றுலாவுக்கென்று அனுமதி வாங்கிப் போய் வேலை செய்யாதே. சம்பளமில்லாத வேலையும் அங்கே வேலைதான். அழைக்கிற அமைப்பிடம் அதற்கான பெர்மிட்டைக் கேட்டு வாங்கு. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்னதாகவே கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டுக்கொள். அந்த மஞ்சள் அட்டையைப் பத்திரமாக வை. திரும்பி வரும்போது நம் விமான நிலையத்தில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

போய்ச் சேர்ந்ததும் போன் பண்ண வேண்டாம். மூன்று மாதம் கழித்து ஒரு கடிதம் போடு. அன்றைக்கு விசில் யார் கழுத்தில் இருக்கிறது என்பதை மறக்காமல் அதில் எழுது.

அன்புடன்,
உன் பழைய பி.டி. வாத்தியார்