ரை என்னும் தானியம்

'ரை' எனக் கேட்டதும் நம்மில் சிலர் ராகியை, அதாவது கேழ்வரகை எண்ணுகின்றனர். வடநாட்டார் 'ராயி' என்பதோ கடுகு. அவ்விரண்டும் வேறு, ரை வேறு.

ரை என்பது கோதுமைக்கும் வாற்கோதுமைக்கும் நெருங்கிய இனம். மேற்காசியாவின் கோதுமை வயல்களில் களையாக முளைத்ததே பின்னர்ப் பயிராயிற்று என்பர் ஆய்வாளர். களைக்கும் ஒரு காலம் வரும் போலும்! கடுங்குளிரையும் மணற்பாங்கான வளமற்ற நிலத்தையும் தாங்குதலால், ரஷ்யா, போலந்து, ஜெர்மனி ஆகிய நாடுகளில் ஏழை மக்களின் கரிய ரொட்டிக்கு இதுவே மாவாயிற்று. கால்நடைத் தீவனமாகவும் இது பயன்படும். இதனின்று மதுவும் வடிப்பர்.

ஈரம் மிகுந்த ஆண்டுகளில் இதன் கதிரில் எர்காட் என்னும் கரும்பூஞ்சை பற்றும். அதனை அறியாது அரைத்துண்ட இடைக்கால ஐரோப்பியர் பலர் கைகால் அழுகி மாண்டனர். இன்று அதனைப் பிரித்து நீக்கிய பின்னரே அரைக்கின்றனர்.

நம் இல்லங்களில் கருத வேண்டுவது பிறிதொன்று. குளூட்டன் என்னும் புரதம் ஒவ்வாத சீலியாக் நோயினர்க்குத் தூய கேழ்வரகு தீங்கு செய்யாது. ரையோ கோதுமையைப் போன்றே தீங்கு செய்யும். ஆகவே ரொட்டியின் உறையில் 'ரை' எனக் கண்டு, 'நம் ராகிதானே' என்று அந்நோயுள்ள குழந்தைக்குக் கொடுத்துவிடலாகாது.