சாலையைப் பார்த்துவிட்டு மனு எழுதுங்கள்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்குப் பள்ளிகொண்டா என்றால் டோல்கேட். நமக்கு அப்படியில்லை. ரங்கநாதர் கோயிலுக்கு வருகிறவர்கள், குடியாத்தம் திரும்புகிறவர்கள், ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்குப் பெண்களை ஏற்றிப் போகிற வேன்கள், தோல் லாரிகள், பெங்களூருக்கு விரைகிற கண்டெய்னர்கள் எல்லாம் ஒரே தார்ச்சாலையில்தான் ஓடுகின்றன. அங்கே அடிபட்டவர்கள்தான் நம் படியேறி வருகிறார்கள். கை முறிந்த தையல்காரப் பெண், ஆட்டோ நசுங்கிய டிரைவர், பைக்கில் போய்ப் பின்னால் அடி வாங்கிய டேனரித் தொழிலாளி என்று சின்னத் தொகை இழப்பீட்டு வழக்குகளே அதிகம். புதிதாக கவுன் போட்டு இந்த வழக்குகளுக்கு வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

1. முதலில் இடத்தைப் போய்ப் பாருங்கள். முடிந்தால் விபத்து நடந்த அதே நேரத்தில் போங்கள். இரவு விபத்து என்றால் இரவில்தான் போக வேண்டும். விளக்கு எரிகிறதா, சர்வீஸ் ரோடு எங்கே வந்து சேர்கிறது, மீடியனில் எங்கே இடைவெளி இருக்கிறது, லாரிகள் எங்கே ஓரங்கட்டுகின்றன என்பதைக் கண்ணால் பார்க்காதவர் கவனக்குறைவைப் பற்றி ஒரு வரி எழுதக்கூடாது. போலீஸ் வரைபடத்தில் இரண்டு கோடும் ஒரு பெருக்கல் குறியும்தான் இருக்கும். சாலையின் சரிவு அதில் இருக்காது.

2. "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்று எல்லா முதல் தகவல் அறிக்கையிலும் எழுதியிருக்கும். அதையே மனுவில் காப்பியடித்தால் நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை என்று பொருள். அந்த டிரைவர் என்ன செய்திருக்க வேண்டும், எதைச் செய்யத் தவறினார், அந்தத் தவறால்தான் இந்த அடி விழுந்ததா? இந்த மூன்று கேள்விக்கும் மனுவில் பதில் இருக்க வேண்டும். கம்பெனி வேன் டிரைவர் இன்டிகேட்டர் போடாமல் மாதனூர் பக்கம் திரும்பினார் என்றால் அதை அப்படியே எழுதுங்கள். வேகத்தை நிரூபிக்க முடியாத வழக்கில் வேகத்தைப் பிடித்துத் தொங்காதீர்கள்.

3. கிரிமினல் வழக்கில் டிரைவர் விடுதலையானால் நம் மனுவும் செத்துவிட்டது என்று கட்சிக்காரர் அழுதுகொண்டு வருவார். அவருக்கு என்.கே.வி. பிரதர்ஸ் வழக்கைச் சொல்லுங்கள். நம் தமிழ்நாட்டு வழக்குதான், 1980இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருட்டிய பிறகு ஓடிய பேருந்து, தாழத் தொங்கிய உயரழுத்த மின்கம்பியில் பட்டது. பாதிக்கப்பட்டவர்கள் 26 பேர், அதில் 8 பேர் அங்கேயே இறந்தார்கள். கம்பி தொங்குகிறது என்று பயணிகள் கத்தியும் டிரைவர் வண்டியை விட்டிருக்கிறார். கிரிமினல் கோர்ட் அதைத் தெய்வச் செயல் என்று சொல்லி அவரை விடுவித்தது. இழப்பீட்டு மனுக்களை விசாரித்த தீர்ப்பாயம் அதை ஏற்காமல் கவனக்குறைவு என்றது. நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த முடிவை நிலைநிறுத்தினார். தண்டிப்பதற்கு வேண்டிய நிரூபணம் வேறு, இழப்பீட்டுக்கு வேண்டிய நிரூபணம் வேறு. இங்கே சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, எது அதிகம் நடந்திருக்கக்கூடியது என்று காட்டினால் போதும். இந்தத் தீர்ப்பை முழுதாகப் படியுங்கள். அடிபட்டவர்களை நீதிமன்றம் எப்படிப் பார்க்க வேண்டும் என்று அந்தச் சில பக்கங்களில் நான் கற்றதைப் பெரிய புத்தகங்களில் கற்கவில்லை.

4. மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலை, அந்த ஏ.ஆர். காப்பியை, உடனே வாங்குங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையோ வேலூர் சி.எம்.சி.யோ, சேர்க்கும்போது யாரோ ஒருவர் "பைக்கில் இருந்து தவறி விழுந்தார்" என்று சொல்லியிருப்பார். பதற்றத்தில் வந்த அந்த ஒரு சொல்லை இன்சூரன்ஸ் வக்கீல் கடைசி வரை பிடித்துக்கொள்வார். சேர்த்தது யார், அவர் விபத்தைப் பார்த்தவரா என்று முதல் நாளே விசாரித்து வையுங்கள்.

5. நம் கட்சிக்காரர் மீதும் தவறு உண்டு என்று எதிர்த்தரப்பு கட்டாயம் சொல்லும். ஹெல்மெட் இல்லை, லைசென்ஸ் இல்லை, பைக்கில் மூன்று பேர் என்று அடுக்குவார்கள். இந்த இடத்தில் நிதானமாக நில்லுங்கள்.

சட்டத்தை மீறியது வேறு, விபத்துக்குக் காரணமானது வேறு. லைசென்ஸ் இல்லாத ஒரே காரணத்துக்காக ஓட்டியவர் மீது கவனக்குறைவைச் சுமத்த முடியாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பைக்கில் மூன்று பேர் போன வழக்கு ஒன்று 2020இல் அங்கே வந்தது. மூவர் போனது குற்றம்தான், ஆனால் அதனால் விபத்து நேர்ந்தது அல்லது அடி பெரிதானது என்று காட்டாமல் தொகையைக் குறைக்கக் கூடாது என்றார்கள். நம் ஊரில் ஷிப்டு முடிந்து மூன்று பேராய்ப் பைக்கில் வீடு திரும்புகிற தொழிலாளிகளை நினைத்துப் பாருங்கள். அது சரி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பின்னாலிருந்து கார் வந்து மோதியதற்கு அந்த மூன்றாவது ஆள் என்ன செய்தார்? ஹெல்மெட்டையும் இதே அளவுகோலால் அளந்து பாருங்கள். முறிந்தது கால் என்றால் தலைக்கவசம் அதைத் தடுத்திருக்காது. தலையில் அடி என்றால் தொகை குறையலாம், அதை முன்கூட்டியே கட்சிக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

முன்னாளில் இங்கிலாந்தில் அடிபட்டவர் மீது துளி தவறு இருந்தாலும் முழுப் பணமும் போய்விடும். 1809இல் டெர்பி ஊரில் ஒருவர் வீட்டு வேலைக்காகத் தெருவின் குறுக்கே கழி வைத்தார். மாலை மங்கலில் குதிரையை விரட்டி வந்தவர் அதில் மோதி விழுந்தார். பார்த்து வந்திருக்க வேண்டும் என்று சொல்லி அவருக்கு ஒன்றும் தரவில்லை. தவறைப் பங்கிட்டுத் தொகையைக் குறைக்கும் முறையை அங்கே 1945ஆம் ஆண்டுச் சட்டம்தான் கொண்டுவந்தது. இன்று நம் தீர்ப்பாயங்களும் பங்குதான் பிரிக்கின்றன. ஆகவே வாதம் முழுவதும் அந்த விழுக்காட்டில் இருக்கிறது.

6. பின்னால் போய் மோதியவர் மீதே எப்போதும் தவறு என்று ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. 2025 ஜூலையில் வந்த கோயம்புத்தூர் வழக்கின் தீர்ப்பைப் படியுங்கள். 2017 ஜனவரியில் ஓர் இன்ஜினியரிங் மாணவர் பைக்கில் போகிறார். முன்னால் போன கார் நெடுஞ்சாலை நடுவில் சட்டென்று பிரேக் போடுகிறது. பைக் அதில் மோத, கீழே விழுந்தவர் மீது பின்னால் வந்த பேருந்து ஏறுகிறது. இடது காலை எடுக்க வேண்டியதாயிற்று. கர்ப்பிணி மனைவிக்குக் குமட்டியதால் நிறுத்தினேன் என்றார் காரை ஓட்டியவர். தீர்ப்பாயம் கார்க்காரரை முழுக்க விட்டுவிட்டது. உச்ச நீதிமன்றம் கார்க்காரருக்கு 50, பேருந்துக்கு 30, மாணவருக்கு 20 விழுக்காடு என்று பிரித்தது. நெடுஞ்சாலையில் நிறுத்த நேர்ந்தால் பின்னால் வருகிறவருக்குச் சைகை காட்ட வேண்டும் என்பதுதான் அடிப்படை. மாணவரும் போதிய இடைவெளி விடவில்லை, அந்த 20க்கு அதுவும் ஒரு காரணம்.

டெயில் லைட் இல்லாமல் சாலையில் நிற்கும் லாரிக்கும் இதே கேள்விகள்தான். சாலை நடுவே எச்சரிக்கை எதுவும் வைக்காமல் விட்டுப்போன டிரெய்லரில் கார் மோதிய வழக்கில், 2024 செப்டம்பரில், டிரெய்லர் தரப்பே முழுப் பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. காரை ஓட்டியவர் மீது தவறு இருந்தாலும் அதைப் பயணிகள் தலையில் கட்ட முடியாது என்றும் அதில் சொன்னார்கள். ஷேர் ஆட்டோவிலும் கம்பெனி வேனிலும் உட்கார்ந்து வந்த பெண்களுக்காக வாதாடும்போது இது கையில் இருக்கட்டும். இரண்டு வண்டிகளின் தவறால் அடிபட்ட பயணி, முழுத் தொகையையும் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். அவர்களுக்குள் யார் எவ்வளவு என்பது அவர்கள் கவலை.

7. ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். வண்டியை விற்றுவிட்டேன், பெயர்தான் மாற்றவில்லை என்பார். பதிவில் பெயர் உள்ளவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர். அவரைக் கட்சியாகச் சேர்க்காமல் மனுப் போடாதீர்கள்.

8. ஆளுக்கு அடியில்லை, வண்டிக்குத்தான் சேதம் என்றாலும் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆனால் ஆட்டோ ஓட்டுகிறவர் மறுநாளே பட்டறையில் விட்டு நிமிர்த்தியிருப்பார், ஓடினால்தானே சாப்பாடு. அதனால் மோதியவுடன் நாலா பக்கமும் போட்டோ, பட்டறை பில், வண்டி எத்தனை நாள் நின்றது என்பதற்கு எழுத்தில் ஒரு சான்று, இவற்றைச் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். தன் இன்சூரன்ஸில் வாங்கிய தொகையை மறுபடி எதிரியிடம் கேட்கக்கூடாது என்றும் சொல்லுங்கள்.

9. நாட்களை எண்ணுங்கள். 1-4-2022 முதல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவு மனுவை விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். அந்த வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள் என்றாலும், அதை நம்பி ஏழைக் கட்சிக்காரரின் மனுவை அலமாரியில் வைக்காதீர்கள். தவறை நிரூபிக்காமலே இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் தருகிற 164ஆம் பிரிவும் இருக்கிறது. சாட்சியே இல்லாத வழக்கில் அது பெரிய துணை. ஆனால் அந்தத் தொகையை வாங்கிக்கொண்டால் 166 மனு காலாவதியாகும். கணக்குப் போட்டுப் பார்க்காமல் கையெழுத்து வாங்காதீர்கள்.

10. 2019 திருத்தத்துக்குப் பிறகு, மேல்முறையீட்டில் தகராறுத் தொகை ஒரு லட்சத்துக்குக் குறைவு என்றால் 173ஆம் பிரிவுப்படி அப்பீலே கிடையாது. பெரிய வழக்கில் கீழே விட்டதை உயர் நீதிமன்றத்தில் பிடிக்கலாம். எண்பதாயிரம் ரூபாய் வழக்கில் தீர்ப்பாயம் சொன்னதே கடைசிச் சொல். ஆகவே சின்ன வழக்கில்தான் குறுக்கு விசாரணைக்கு அதிகம் தயாராக வேண்டும். எதிர்த்தரப்பு டிரைவர் கூண்டில் ஏறவே இல்லை என்றால், நடந்ததைச் சொல்ல வேண்டியவர் ஏன் வரவில்லை என்று வாதத்தில் அழுத்திச் சொல்லுங்கள்.

11. லோக் அதாலத்தில் முடிந்த தொகைக்கும் அப்பீல் இல்லை. அங்கே உட்காரும் முன், சிகிச்சை முடிந்துவிட்டதா, கம்பி எடுக்க இன்னொரு ஆபரேஷன் பாக்கியா என்று டாக்டரிடம் கேளுங்கள். கட்சிக்காரரின் மனைவியையும் உடன் அழைத்து வரச் சொல்லுங்கள், வீட்டில் எத்தனை மாத வாடகை நிற்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.