கீரிமலைப் போத்தலும் கிட்னி வீடியோவும்



ஆடி அமாவாசைக்குக் கீரிமலை போய்வந்த நமது குடும்பங்கள் சில, கேணித் தண்ணீரைப் போத்தலில் நிரப்பிக் கொண்டு வந்திருந்தன. வீட்டில் தெளிப்பதற்கென்றால் நல்லதுதான். ஆனால் ஒரு லயத்தில் கிட்னி வருத்தமுள்ள பெரியவருக்கு அதைக் காலையும் மாலையும் குடிக்கக் கொடுப்பதைக் கண்டோம். கேட்டதற்கு, "போன்ல வீடியோ வந்துச்சுங்க ஐயா, கல்லுக்குள்ள ஊறி வர்ற தண்ணி கிட்னியக் கழுவிடுமாம்" என்றார்கள்.

நகுல முனிவரின் கீரிமுகம் அந்தத் தீர்த்தத்தில் நீராடி மாறியது என்பது ஐதீகம். அந்த நம்பிக்கையில் நாம் கைவைக்கவில்லை. ஆனால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கடலோரத்தில் ஊற்றாக வெளிவருகிறது. சுண்ணாம்புக் கல்லில் ஊறிய தண்ணீர் கடினத் தண்ணீர். அதிலும் அது நூற்றுக்கணக்கானோர் முழுகி எழும் கேணி. குளிக்கும் தண்ணீரைக் குடிக்கலாமா?

கிட்னியை வெளியிலிருந்து எதுவும் போய்க் கழுவுவதில்லை. குடிப்பது குடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் சேர்ந்த பிறகு, அந்த இரத்தத்தைக் கிட்னிதான் வடிகட்டுகிறது. கிட்னி மிகவும் பலவீனப்பட்டவருக்கு மேலதிகத் தண்ணீர் வெளியேறாது. கால் வீங்கும், மூச்சு வாங்கும். அதனால்தான் சிலருக்கு டாக்டர் தண்ணீரையே அளந்து கொடுக்கச் சொல்கிறார். வீடியோக்காரருக்கு அந்தக் கணக்குத் தெரியாதே!

நோய் பற்றிய தகவலின் தரத்தைச் சோதிக்க, இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட்டில் 1999ஆம் ஆண்டு 'டிஸ்சேர்ன்' என்ற 16 கேள்விகளை வெளியிட்டார்கள். அச்சிட்ட தாள்களுக்காக வந்த கேள்விகள் அவை. இப்போது ஆராய்ச்சியாளர்கள் கிட்னி வீடியோக்களையும் இவற்றால் மதிப்பிடுகிறார்கள். பதினாறும் நமக்கு வேண்டாம். இந்தத் தகவல் எங்கிருந்து எடுத்தது, எப்போது எடுத்தது? இந்த வைத்தியத்தால் என்ன ஆபத்து வரலாம் என்று சொல்கிறாரா? இன்னும் தெரியாத விஷயத்தைத் தெரியாது என்கிறாரா? இவற்றை மனதில் வைத்துக் கொண்டு வீடியோவைப் பாருங்கள். முதல் நிமிடத்திலேயே "நூறு வீதம் குணம்" என்பவர் பெரும்பாலும் ஆபத்துப் பக்கத்துக்கு வரவே மாட்டார்.

ஆபத்தைச் சொல்லாமல் விடுவது எவ்வளவு பாரதூரமானது என்பதற்குக் காமரங்காயே போதும். சீனி வருத்தத்துக்கு நல்லது என்று அதை இடித்துச் சாறு குடிப்பவர்கள் நம் நாட்டில் உண்டு. அதிலுள்ள ஒக்ஸலேட் உப்பு கிட்னியில் படிந்து, சுகமாக இருந்தவரின் கிட்னியையும் கெடுக்கலாம். காமரங்காய் சாப்பிட்டுக் கிட்னி பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி இலங்கை மருத்துவர்களே 2015இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஏற்கெனவே கிட்னி பழுதானவருக்கோ இன்னொரு கஷ்டம். காமரங்காயில் மூளையைத் தாக்கும் ஒரு நஞ்சு இருப்பதை பிரேசில் விஞ்ஞானிகள் 2013இல் பிரித்தெடுத்தார்கள். பழுதான கிட்னியால் அதை வெளியேற்ற முடியாது. முதலில் விடாத விக்கல் வரும், பிறகு வாந்தி, தடுமாற்றம், வலிப்பு. உயிரும் போகலாம். பிலிங் காய்ச் சாற்றிலும் ஒக்ஸலேட் அதிகம். (ஊறுகாயில் ஓரிரண்டு துண்டு சேர்ப்பதும் டம்ளர் டம்ளராகச் சாறு குடிப்பதும் ஒன்றல்ல.) இளநீரும் அப்படித்தான். சுகமாக இருப்பவருக்கு அமுதம். கிட்னி பழுதானவருக்கு அதிலுள்ள பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கி இருதயத்தையே நிறுத்தலாம்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் விஷயமும் இருக்கிறது. வடமத்திய மாகாணத்தில் மெதவச்சி, பதவியா பக்கத்து விவசாயிகளிடையே 1990களில் வெளிப்பட்ட கிட்னி வருத்தத்துக்கு, முப்பது வருடம் ஆராய்ந்தும் இதுதான் காரணம் என்று ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதை ஒருவர் மூன்று நிமிட வீடியோவில் முடித்து, கடைசியில் தூள் பக்கெட்டும் விற்றால் என்ன நினைப்பது?

கிட்னி பழுதாகத் தொடங்கும்போது நோவு தெரியாது. சீனி, பிரெஷர் உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது சிறுநீரில் அல்புமினும் இரத்தத்தில் கிரியேட்டினினும் பார்க்கும்படி கிளினிக்கில் கேளுங்கள். மலையேறிக் கொழுந்து பறித்து முழங்கால் நோகிறதென்று கடையில் நோவுக் குளிசை வாங்கி நாளாந்தம் போடுபவர்களும் அதைச் சொல்ல வேண்டும்.

வீடியோ பார்த்து ஏதாவது குடித்து வந்தால் டாக்டரிடம் மறைக்க வேண்டாம். பெயர் தெரியாவிட்டால் அந்த இலையையோ, தூள் பக்கெட்டையோ, போத்தலையோ கையோடு கொண்டு போய்க் காட்டுங்கள். வீடியோவையே காட்டினாலும் சரி.