உடலின் வரவு செலவு

உடல் பருத்தார் மெலிதற்கு வழி யாதென வினவின், குறைத்து உண்க, மிகுத்து உழைக்க என்று எவரும் விடையிறுப்பர். அவ்விடை பிழையன்று, எவ்வளவு குறைத்தல், எவ்வளவு உழைத்தல் என்பதே ஆராயத்தக்கது. அளவறியாது தொடங்குவோர் மாணவருள் பலர். காலையுணவை முற்றத் துறந்து, மாலையில் நான்கு வடையால் அத்துறவை முடிப்பாரை விடுதியில் வாழ்ந்தார் யாவரும் அறிவர்.

1782-83-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பிரான்சு நாட்டு அறிஞர்களான லாவாசியேயும் லாப்லாசும், கினிப்பன்றி என்னும் சிறு பிராணியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்துள் இட்டு, அதன் உடற்சூட்டால் எத்துணைப் பனிக்கட்டி உருகுகின்றது என அளந்தனர். அது வெளிவிடும் கரியமில வாயுவையும் கணக்கிட்டு, உயிர்ப்பென்பது மெல்லென எரியும் ஒருவகைத் தீயே எனத் துணிந்தனர். பசித்தீ என நம் முன்னோர் வழங்கிய சொல் இவ்விடத்து நினைக்கத்தக்கது.

அத்தீயை அளக்கும் அளவையே கலோரி. ஒரு கிலோகிராம் நீரை ஒரு பாகை சூடேற்றும் வெப்பம் உணவு நூலார் கூறும் ஒரு கலோரியாம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நாட்டு அட்வாட்டர் என்பார், மனிதரைப் பல நாள் அடைத்த அறையுள் இருத்தி, அவர் உண்டதனையும் உடல் வெளியிட்ட வெப்பத்தையும் அளந்து, வரவும் செலவும் ஒத்து நிற்றலைக் காட்டினார். மாச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9 கலோரி என்னும் கணக்கு அவர் வழி வந்ததே.

இனி நம் கணக்கைப் பார்ப்போம். ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் ஏறக்குறைய 120 கலோரி தரும். 60 கிலோ எடையுள்ளார் ஒருவர் 5 கிலோமீட்டர் நடப்பின் செலவாவது 200 கலோரியினும் சிறிது மிகுதி. பொரித்த பண்டத்தோடு உட்செல்லும் இரண்டு கரண்டி எண்ணெய் அந்நடை முழுவதையும் விழுங்கிவிடும்! உடற்கொழுப்பு ஒரு கிலோ கரைதற்கு 7,000 கலோரிக்கு மேல் வரவிற் குறைதல் வேண்டும். நாடோறும் 500 கலோரி குறைப்பார்க்கு அஃது இருவார வேலை.

அங்ஙனமாயின் 1,500 குறைத்து ஐந்தே நாளில் முடிப்போம் என விரைவாரும் உளர். செலவு என்னும் பக்கம் அசையாது நிற்பதென்று அவர் எண்ணுகின்றனர். வரவு சுருங்கின் உடலும் சிக்கனம் பிடிக்கும் என்பதை அவர் அறியார்.

இதனைத் தெளிவுறக் காட்டியது மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45-இல் நிகழ்ந்த சோதனை. போரில் படைக்கலம் ஏந்த மனச்சான்று ஒவ்வாத இளைஞர் 36 பேர், போரினால் பட்டினியுற்ற மக்களுக்கு உணவூட்டும் முறையை அறிவதற்கெனத் தம் உடலைத் தாமே ஈந்தனர். ஆன்செல் கீஸ் என்பார் ஆராய்ச்சியை நடத்தினார். 24 வாரம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,600 கலோரியே உணவு; முன்னர் அவர் உண்டதில் பாதி. உருளைக்கிழங்கும் ரொட்டியுமே பெரும்பாலும் கிடைத்தன. நடை மட்டும் வாரத்திற்கு 35 கிலோமீட்டர். எடையில் காற்பங்கு குறைந்தது. ஆயினும் முதலில் விரைந்த குறைவு வரவர மந்தமாயிற்று. நாடி தளர்ந்தது, கோடையிலும் குளிரால் வருந்தினர், ஓய்ந்திருக்குங்கால் உடல் செலவிடும் வெப்பம் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு சுருங்கிற்று. உடல் சிறுத்ததனால் மட்டும் அன்று. எஞ்சிய உடலும் தன் தீயைத் தணித்துக்கொண்டது. சமையல் நூல்களைக் கதைபோற் படித்து மகிழ்ந்தாரும் அவருள் இருந்தனர்.

மீண்டும் உணவு மிகுத்து வழங்கப்பட்டபொழுது, வயிறு நிரம்பியும் பசி தீர்ந்திலது எனப் பலர் கூறினர். இழந்த தசை முழுதும் திரும்புமுன்னரே கொழுப்புத் திரும்பிவிட்டது.