பிரான்சில் மேற்படிப்பு: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை



சென்ற சில மாதங்களாக நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரும் கல்வி உதவி மனுக்களில் "பிரான்ஸ்" என்ற சொல் அடிக்கடி வருகிறது. முன்பு லண்டன் என்பார்கள், பிறகு ஜெர்மனி என்றார்கள், இப்போது பாரிஸ். 2030-க்குள் இந்திய மாணவர் 30,000 பேரை வரவேற்போம் என்று பிரெஞ்சு அதிபர் மக்ரோன் 2024 ஜனவரியில் இங்கு வந்தபோது அறிவித்தார். அதன்பின் ஏஜெண்டுகளின் விளம்பரமும் கூடிவிட்டது. ஆகவே இந்த இதழின் கல்விப் பகுதியை இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் பி.காம். முடித்த ஒரு பிள்ளைக்கு டிரஸ்ட்டிலிருந்து கர்ளன் ஹஸனாவாக இரண்டு லட்சம் கொடுத்தோம். நல்ல பிள்ளை, நல்ல மதிப்பெண். பாரிஸில் ஒரு தனியார் நிறுவனத்தின் அட்மிஷன் கடிதத்தைக் காட்டினார். "பாரிஸ்" என்று பார்த்ததும் எங்களுக்கும் கண் விரிந்துவிட்டது. அங்கே கிடைக்கப்போவது எந்தப் பட்டம் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. மீதிப் பணத்துக்கு அவருடைய அத்தா வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து வட்டிக்கு வாங்கியதும் எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. இரண்டு ஆண்டு படித்தார். கையில் வந்த சான்றிதழ் பிரெஞ்சு அரசு தரும் மாஸ்டர் பட்டமல்ல. அதை வைத்து, படித்து முடித்தவர்கள் அங்கே தங்கி வேலை தேடுவதற்கான அனுமதியைப் பெற முடியவில்லை. ஊர் திரும்பிவிட்டார். எங்கள் கடனை மாதா மாதம் தவறாமல் அடைத்துவருகிறார். வீட்டுப் பத்திரம் இன்னும் திரும்பவில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். நமக்குக் காரைக்கால் பக்கத்தில் இருக்கிறது. 1954 நவம்பர் 1 வரை அது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்ட குடும்பங்கள் அங்கே உண்டு. நம்மில் பலருக்குச் சம்பந்தம் வழியாகவும் வியாபாரம் வழியாகவும் அவர்களைத் தெரியும். "மாமி மகன் வருஷத்துக்கு 250 யூரோ கட்டி மாஸ்டர் படித்தான், உன் பிள்ளைக்கு மட்டும் எப்படி இவ்வளவு கேட்கிறார்கள்?" என்று அவர்கள் கேட்பதும் உண்மைதான். ஆனால் அந்தக் கட்டணம் பிரெஞ்சுக் குடிமக்களுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தாருக்கும் உரியது. இந்தியப் பாஸ்போர்ட்டில் போகும் மாணவருக்கு 2019 முதல் அரசுப் பல்கலைக்கழகங்களில் தனிக் கட்டணம் வைத்திருக்கிறார்கள். இளங்கலைக்கு ஆண்டுக்கு 2,770 யூரோ, மாஸ்டருக்கு 3,770 யூரோ என்று தொடங்கி, பிறகு சற்றுச் சற்றாக ஏறியிருக்கிறது. பல பல்கலைக்கழகங்கள் இதில் முழுவதையோ ஒரு பகுதியையோ தள்ளுபடி செய்கின்றன. எது தள்ளுபடி தருகிறது என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்கே மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம். முனைவர் படிப்புக்கு இந்த வேறுபாடு கிடையாது. எல்லோருக்கும் ஆண்டுக்குச் சுமார் 400 யூரோதான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எளிமைக்காக ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பாரிஸ் அல்லாத ஒரு நகரத்தில், லில், துலூஸ், லியோன் போன்ற இடத்தில், அரசுப் பல்கலைக்கழக மாஸ்டர் என்றால் இரண்டாண்டுக் கட்டணம் ஏறக்குறைய எட்டு லட்சம். மாதம் 750 யூரோவில் சிக்கனமாக இருந்தால் செலவு 18 லட்சம். ஆக 26 லட்சம். இதுவே பெரிய தொகைதான், மறுக்கவில்லை. அதே பிள்ளை ஆண்டுக்கு 11,000 யூரோ கேட்கும் தனியார் நிறுவனத்தில் சேர்ந்து, மாதம் 1,000 யூரோவில் பாரிஸில் இருந்தால் 46 லட்சம். இந்த 20 லட்ச வித்தியாசம்தான் நம் குடும்பங்களை வட்டிக் கடையின் வாசலுக்குக் கொண்டுபோகிறது. வட்டி ஹராம் என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தேவையே இல்லாத செலவுக்காக அந்தப் பாவத்தில் விழுகிறோமே என்பதுதான் எங்கள் ஆதங்கம்.

தனியார் நிறுவனம் எல்லாம் மோசடி என்று சொல்லவில்லை. பெயர் பெற்ற வணிகக் கல்லூரிகள் அங்கே தனியாராகவே இருக்கின்றன. அவற்றின் மாஸ்டர் பட்டத்தை அரசு அங்கீகரித்திருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: படிப்பின் முடிவில் கிடைப்பது அரசு அங்கீகரித்த "கிராத் து மாஸ்டர்" தகுதியா, இல்லையா? "எம்.பி.ஏ." என்றோ "பேச்சலர்" என்றோ கடிதத்தில் போட்டிருந்தால் போதாது. "ஆர்.என்.சி.பி. பதிவு பெற்றது" என்று ஏஜெண்ட் சொல்லக்கூடும். அது தொழில் தகுதிகளின் பதிவேடு. அதில் இடம்பெற்றதாலேயே ஒரு சான்றிதழ் பல்கலைக்கழகப் பட்டமாகிவிடாது. மாணவர் விசாவுக்கு எப்படியும் கேம்பஸ் பிரான்ஸ் என்ற அந்நாட்டு அரசு அமைப்பில் பதிந்து, நேர்காணலுக்குப் போயாக வேண்டும். அங்கேயே இதைக் கேட்டுவிடலாம். கேட்பதற்கு ஏஜெண்ட் தேவையில்லை.

"போனதும் பார்ட் டைம் வேலை செய்து ஃபீஸ் கட்டிக்கொள்வான்" என்பது அடுத்த நம்பிக்கை. மாணவர் ஆண்டுக்கு 964 மணி நேரம்தான் வேலை செய்யலாம். வாரத்துக்குப் பத்தொன்பது மணி நேரம்கூட வராது. அதில் சாப்பாட்டுச் செலவைச் சமாளிக்கலாம், கட்டணத்தைக் கட்ட முடியாது. அதுவும் சம்பள வேலையாக இருக்க வேண்டும். சொந்தத் தொழில் செய்ய மாணவர் அனுமதியில் இடமில்லை. செயலி வழியாக உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை அங்கே பெரும்பாலும் சொந்தத் தொழில் கணக்கில்தான் சேரும். அதனால் நம் பிள்ளைகள் சிலர் வேறொருவர் பெயரில் உள்ள கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டி, சம்பாத்தியத்தில் ஒரு பங்கை அவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பிடிபட்டால் தங்கும் அனுமதியே போய்விடலாம். பையில் இருப்பது பிரியாணியா மதுப் புட்டியா என்று பார்த்து எடுக்கும் வசதியும் அந்த வேலையில் இல்லை.

விசாவுக்குக் கையிருப்பாக மாதம் 615 யூரோ என்ற கணக்கில் காட்டச் சொல்லிவந்திருக்கிறார்கள். அது அவர்கள் கேட்கும் குறைந்தபட்சம். அதில் வாழ்ந்துவிடலாம் என்று பொருளல்ல. வாடகைக்கு அரசு உதவி கிடைக்கும் என்றும் சொல்வார்கள். அதன் விதிகள் மாறிக்கொண்டிருப்பதால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வீட்டுக்காரர் ஜாமீன் கேட்பார். நமக்கு அங்கே யார் ஜாமீன் நிற்பது? அதற்கு "விசால்" என்ற இலவச ஜாமீன் திட்டம் இருக்கிறது. முப்பது வயது வரையுள்ள மாணவர்கள் வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் எங்களிடம் தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்வி ஹிஜாபைப் பற்றியது. பிரான்சில் ஹிஜாபுக்குத் தடை என்று கேள்விப்பட்டு, நல்ல வாய்ப்பை விட்ட குடும்பமும் நம் ஊரில் உண்டு. 2004-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பள்ளிகளுக்கு உரியது. பல்கலைக்கழக மாணவியருக்கு அது பொருந்தாது. தலையை மறைத்துக்கொண்டு வகுப்பில் உட்காரலாம். ஆனால் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். "பி.டி.எஸ்." என்ற இரண்டாண்டுப் படிப்பும் பொறியியல் நுழைவுத் தேர்வுக்கான ஆயத்த வகுப்புகளும் பல ஊர்களில் அரசு மேல்நிலைப் பள்ளிகளுக்குள் நடக்கின்றன. அங்கே பள்ளிச் சட்டம்தான். மருத்துவம், நர்ஸிங் போன்றவற்றில் அரசு மருத்துவமனைப் பயிற்சிக்குப் போகும்போது ஹிஜாப் அணிய விடமாட்டார்கள். முகத்தை மூடும் நிகாபுக்கு 2011 ஏப்ரலிலிருந்து பொது இடம் எங்கும் தடை. இதையெல்லாம் தெரிந்துகொண்டு பாடத்தைத் தேர்ந்தெடுப்பது வேறு, விமானம் ஏறியபின் தெரிந்துகொள்வது வேறு.

தொழுகைக்கென்று பல்கலைக்கழகத்தில் அறை இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பாரிஸில் டிசம்பரில் மாலை ஐந்து மணிக்குள் சூரியன் மறைந்துவிடும், ஜூனில் இரவு பத்து மணி ஆகும். வகுப்பு நேரம் முடிவாகும்போதே ஜும்ஆவுக்கு இடம் வைத்துக்கொள்ள முயல வேண்டும். ஹலால் கடைகள் பெரிய நகரங்களில் தாராளம். பாரிஸ் பெரிய பள்ளிவாசல் 1926-லிருந்தும் லியோன் பெரிய பள்ளிவாசல் 1994-லிருந்தும் இருக்கின்றன.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் நடத்தும் மாஸ்டர் படிப்புகள் இருக்கின்றன, ஆனால் பலவும் கட்டணம் கூடியவை. பிரெஞ்சு மொழியில் பி2 நிலை இருந்தால் குறைந்த கட்டணத்தில் அரசுப் பல்கலைக்கழகப் படிப்புகள் ஏராளம் திறக்கும். ஹைதராபாத் டாக்டர் முஹம்மது ஹமீதுல்லாஹ் அவர்களை உலமாக்கள் அறிவார்கள். 1908-இல் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்து, ஜெர்மனியின் பான் நகரில் ஒரு டாக்டர் பட்டமும், 1935-இல் பாரிஸின் சோர்போனில் நபி (ஸல்) அவர்கள் காலத்து அரசுத் தூது உறவுகளை ஆராய்ந்து இன்னொரு டாக்டர் பட்டமும் பெற்றார். அந்த ஆய்வைப் பிரெஞ்சிலேயே எழுதினார். 1948-க்குப் பிறகு பாரிஸிலேயே தங்கி, 1959-இல் குர்ஆனின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை வெளியிட்டார். உருதுவும் அரபியும் ஓதிவந்த ஒரு பிள்ளை அந்த மொழியை அப்படி வசப்படுத்தினார். நம் பிள்ளைகள் இறுதியாண்டுப் பரீட்சை முடிந்ததும் பிரெஞ்சு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். கல்லூரி இரண்டாம் ஆண்டிலேயே தொடங்குங்கள். சென்னையிலும் புதுச்சேரியிலும் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. இணையவழி வகுப்பும் கிடைக்கிறது.

உதவித்தொகைகளில் பிரெஞ்சுத் தூதரகத்தின் "ஷர்பாக்" மாணவர் நேரடியாக விண்ணப்பிப்பது. "ஈஃபல்" அப்படியல்ல. பல்கலைக்கழகமே மாணவரைப் பரிந்துரைக்க வேண்டும். அதற்குப் புத்தாண்டுக்கு முன்பே அவர்களுக்கு எழுதியாக வேண்டும். செப்டம்பரில் சேர விரும்புகிறவர் முந்தைய அக்டோபரிலேயே வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது.

இந்த ஆண்டிலிருந்து வெளிநாட்டுப் படிப்புக்கான கர்ளன் ஹஸனா மனுக்களில் கல்லூரியின் பெயர், கிடைக்கும் பட்டத்தின் சரியான பெயர், இரண்டாண்டு முழுச் செலவு, மீதிப் பணம் வரும் வழி ஆகிய நான்கையும் எழுதித் தரும்படி நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. எழுதத் தெரியவில்லை என்றால் அட்மிஷன் கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்து படிப்போம். சீட்டுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் வாருங்கள். அலுவலகம் வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் அஸருக்குப் பின் மஃரிப் வரை திறந்திருக்கும்.