செம்மறி, வெள்ளாடுகளில் குட்டிவீச்சு நோய் பரவும் வழிகள்

நெல் அறுவடையானபின் வயல்களில் ஆட்டுக்கிடை மடக்குவதன் நன்மையை ஆரணிப் பக்கத்துக் குடியானவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அக்கிடையில் சினையாடு ஒன்று நான்காம் மாதத்தில் குட்டி வீசுமாயின், வெயிலின் கொடுமை என்றோ கண்ணேறு என்றோ சொல்லி விட்டுவிடுகிறோம். குட்டி வீசுதற்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் புரூசெல்லா என்னும் கிருமி ஆட்டோடு நில்லாமல் மனிதரையும் பற்றுவது. எனவே அதைத் தனியே கவனித்தல் அவசியமாகும்.

இக்கிருமியை 1887-ஆம் ஆண்டில் மால்டாத் தீவில் டேவிட் புரூஸ் என்னும் இராணுவ மருத்துவர், ஜுரத்தால் இறந்த சிப்பாய்களின் மண்ணீரலில் கண்டார். அது எங்கிருந்து வந்ததென்பது பதினெட்டு ஆண்டுகள் வரை விளங்கவில்லை. 1905-இல் தெமிஸ்டோக்ளிஸ் சம்மித் என்பவர் அத்தீவின் வெள்ளாடுகளைச் சோதித்து, அவையே மூலமெனக் காட்டினார். அந்த ஆடுகள் கொழுத்து, நிறையப் பால் கறந்து, யாதொரு குறையுமின்றிக் காணப்பட்டன. 1906-இல் படையினருக்கு ஆட்டுப்பால் விலக்கப்பட்டதும் அவர்களிடையே ஜுரம் வெகுவாய்க் குறைந்தது. கண்ணால் பார்த்து ஆட்டை மதிப்பவர் இதனை நினைவிற் கொள்ளவேண்டும்.

நோயுற்ற ஆடு பெரும்பாலும் ஒருமுறைதான் குட்டி வீசும். அடுத்த ஈற்றில் நல்ல குட்டியே ஈனலாம். அதனால் நோய் நீங்கிற்றென்று உடையவர் எண்ணுகிறார். ஆனால் கிருமி அதன் மடியிலும் கருப்பையிலும் தங்கியிருக்கும். வெள்ளாட்டின் கருப்பைக் கழிவில் இரண்டு மூன்று மாதங்களும், செம்மறியில் ஏறக்குறைய மூன்று வாரங்களும் கிருமி வெளிப்படும். பாலில் அதனினும் நெடுங்காலம் வரும். வீசிய குட்டியிலும் நஞ்சுக்கொடியிலுமே அது மிகுதி. அவற்றை வேலியோரம் எறிந்தால் நாய் இழுத்துச் சென்று ஊரெங்கும் பரப்பும். நேர்வெயிலில் சில மணி நேரத்தில் மடியும் இக்கிருமி, ஈரமும் நிழலுமுள்ள மண்ணில் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும்.

மந்தைக்குள் நோய் நுழையும் பெருவாயில் சந்தையே. குட்டி வீசிய ஆட்டைக் கழித்துவிட விரும்புபவர் அதைச் சந்தைக்கே ஓட்டுகிறார். விலை மலிவென்று மகிழ்ந்து வாங்குபவர் நோயையும் சேர்த்து வாங்குகிறார். பல மந்தைகள் ஒரே மேய்ச்சலிலும் ஒரே கிடையிலும் கலத்தல், கிடாவை இரவல் வாங்குதல், ஈனும் ஆட்டை மந்தையின் நடுவிலேயே விட்டுவைத்தல் ஆகியவையும் நோயை வளர்க்கும்.

ஈற்றின்போது வெறுங்கையால் குட்டியை இழுப்பவர்க்கும், ஆடறுப்பவர்க்கும் கைப்புண் வழியாய் நோய் தொற்றும். நெசவாளர் வீடாயினும் உழவர் வீடாயினும், வெள்ளாட்டுப் பாலை மருந்தென்று கருதிப் பச்சையாய்க் குழந்தைக்குப் புகட்டுவது ஆபத்து. பொங்கக் காய்ச்சினால் கிருமி இறந்துபோம். விட்டுவிட்டு வரும் ஜுரம், இரவில் வியர்வை, மூட்டு மற்றும் இடுப்பு வலி என்பன மனிதரிடத்துக் காணும் குறிகள். மலேரியாவென்றும் டைபாய்டு என்றும் இதனை மயங்குவதுண்டு. ஆதலால் ஆடு வளர்ப்பவர் அதனை மருத்துவரிடம் தாமே சொல்லவேண்டும். சிகிச்சை வழக்கமாக ஆறு வாரம் நீளும், இடையில் நிறுத்தலாகாது.

2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இந்நோய்க்கான தடுப்பூசி, நான்கு முதல் எட்டு மாத வயதுள்ள மாட்டு, எருமைக் கிடாரிக் கன்றுகளுக்கே ஏற்பட்டது. ஆடுகளுக்கு அத்திட்டத்தில் இத்தடுப்பூசி இல்லை. ஆகையால் காப்பு உடையவர் கையிலேயே உள்ளது. வாங்கிய ஆட்டை இரத்தப் பரிசோதனை முடியும்வரை தனியே கட்டுக. குட்டி வீசிய ஆட்டை உடனே பிரித்து, நஞ்சுக்கொடியைக் கையுறையணிந்து எடுத்து, சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்கவும். கிடைக்கு ஆடு அமர்த்தும் நிலமுடையோர், அவ்வாண்டில் அம்மந்தையில் குட்டி வீசியதுண்டா என்று முதலில் கேட்பது நலம்.

2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டத்தின்படி, இந்நோயென்று ஐயுறும் உடையவர் கிராம அலுவலரிடமோ ஊராட்சியிலோ அறிவிக்கக் கடமைப்பட்டவர். அவர்கள் அதனை அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கலாம். அறிவித்தால் ஆடு போய்விடுமென்று ஏழை மேய்ப்பர் அஞ்சி மறைப்பது இயல்பே. அவரை அதட்டாமல், மருத்துவர் வரும்வரை அவ்வாட்டை விற்காதிருக்கும்படி செய்தலே கிராம அலுவலர் முதலில் செய்யத்தக்கது.