வரி வரியாய்ப் பார்க்கும் கண்

பீனியா ஆலைகளில் வேலை பார்க்கும் நம்மவர் வீடுகளில் 'லைன் ஸ்கேன் கேமரா' என்ற பேச்சு அடிபடுகிறது. அதில் நான் பட்டறிந்த ஒன்றைச் சொல்கிறேன்.

சாதாரணக் கேமரா முழுப் படத்தையும் ஒரே தடவையில் எடுக்கும். இதுவோ ஒரே ஒரு வரியைத்தான் பார்க்கும். கீழே காகிதம் ஓட ஓட, வரிமேல் வரி அடுக்கிப் படமாக்கும். பெங்களூரில் உருவாகி, 1988 மார்ச் 17-இல் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோளும் பூமியை இப்படித்தான் படம் எடுத்தது. அதன் லிஸ்-1 கேமராவில் வரிக்கு 2048 புள்ளிகள், புள்ளிக்கு 72.5 மீட்டர், ஆக, 148 கிலோமீட்டர் அகலம். அங்கே ஓடியது கேமரா, ஆலையில் ஓடுவது சரக்கு. அதே 2048 புள்ளிகளால் ஒரு மீட்டர் அகலக் காகிதத்தைப் பார்த்தால் புள்ளிக்கு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அச்சாலையில், 'இடது ஓரம் அச்சு மங்கல்' என்று உருளை உருளையாகக் கேமரா கழித்துக்கொண்டிருந்தது. பழி, இயந்திரம் ஓட்டிய தர்மபுரித் தம்பியின் மேல். சம்பளத்திலும் பிடித்துவிட்டார்கள். "மை சரியாத்தான் விடறேன் அண்ணா" என்றான். கண்ணுக்கு அச்சு நன்றாகவே தெரிந்தது.

கழித்த காகிதத்தில் ஒரு துண்டு வெட்டி, இடம் வலம் மாற்றிக் கேமராவின் கீழ் ஓட்டினேன். குறை காகிதத்தில் இருந்தால் மங்கலும் வலப்பக்கம் போகவேண்டும். அது இடப்பக்கமே நின்றது. நோய் காகிதத்துக்கு அல்ல, கண்ணுக்கு!

எனக்கு முன் வந்தவர் விளக்கைக் கூட்டிவிட்டுப் போயிருந்தார். பலரும் செய்யும் தவறு இது. இருட்டு வேறு, கூர்மை குறைவது வேறு. இயந்திரத்தை நிறுத்தி, கறுப்பு வெள்ளைப் பட்டைகள் அச்சிட்ட தாளை, பட்டைகள் ஓட்டத்தின் திசையில் நீளும்படி வைத்தேன். சிறு பிழையும் தெரியட்டும் என்று லென்ஸின் துவாரத்தை முழுக்கத் திறந்தேன். வரியின் வெளிச்சத்தைத் திரையில் கோடாக வரைந்து பார்க்கலாம். வெளிச்சம் மட்டும் குறைந்திருந்தால் கோடு தாழும். பட்டையின் விளிம்பு செங்குத்தாகவே நிற்கும். இங்கே வலப்பக்கம் சுவர்போல் நின்ற கோடு, இடப்பக்கம் மணல்மேடாய்ச் சரிந்திருந்தது. அதாவது இடது முனைக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரம் மாறிவிட்டது. தேடினால், அதிர்வில் கேமராத் தாங்கியின் திருகு ஒன்று தளர்ந்து, கேமரா ஒருபக்கம் சாய்ந்திருந்தது.

மெல்லிய தகடு கொடுத்து நிமிர்த்தித் திருகை இறுக்கினேன். இரு முனையும் கூர்மையான பிறகு லென்ஸ் வளையத்தைப் பூட்டி, துவாரத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தேன். கேமரா அசைந்தால் விளக்கையும் பார்க்கவேண்டும். ஒளிக்கோடு சற்று விலகினாலும் அந்த ஒற்றை வரி இருண்டுவிடும். கடைசியாக ஒரு சதுரத்தை ஓட்டிப் பார்த்தேன். அது சாய்சதுரமாக வந்தால் கேமரா ஓட்டத்துக்குக் குறுக்கே நேராக இல்லை. நீண்டு வந்தால் என்கோடர் கணக்கு வேகத்தோடு பொருந்தவில்லை. சதுரம் சதுரமாகவே வந்தது.

ஒதுக்கிய உருளைகளை மறுபடி ஓட்டினார்கள். பெரும்பாலானவை தேறின. பிடித்த சம்பளம் தம்பிக்கு அடுத்த மாதம் கைக்கு வந்தது.